துண்டு என் கையில் இருந்தது

ஐம்பதாவது வயதில் மற்றவர்கள் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் குத்துச்சண்டையைக் கண்டுபிடித்தேன். அதற்கு முன்பு வாழ்க்கையில் நான் யாரையும் குத்தியதில்லை. என்னையும் யாரும் குத்தியதில்லை, ஆறாம் வகுப்பில் ஒரு காம்பஸ் முனையைக் கணக்கில் சேர்க்காவிட்டால். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கைபேசியில் பழைய சண்டைகளைப் பார்ப்பேன். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். எனக்குத் தூக்கம் வர நான்கு ரவுண்டு ஆகும்.

கொஞ்ச நாளில் கைபேசி என்னைப் புரிந்துகொண்டது. பெரிய பெரிய வீரர்கள் வென்ற சண்டைகளை நான் பாதியில் தள்ளிவிடுகிறேன், அவர்களுடைய கடைசிச் சண்டைகளை மட்டும் முழுதாகப் பார்க்கிறேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வேறு எதையும் காட்டவில்லை. உலகமே கொண்டாடிய ஒருவர், கால்கள் பறக்கும் என்று பேர் வாங்கியவர், ஒரு சின்னத் தீவில் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். மணி கொண்டுவர மறந்துவிட்டார்கள். மாட்டின் கழுத்து மணியை அடித்து ரவுண்டு தொடங்கினார்கள். பத்து ரவுண்டும் அவர் கை, கொஞ்சம் இரு வருகிறேன் என்பதுபோல் தாமதமாகவே வந்து சேர்ந்தது. இன்னொருவரை அவரைப் பார்த்தே வளர்ந்த ஒரு இளைஞன் கயிற்றுக்கு வெளியே தள்ளி விழவைத்தான். பிறகு உடை மாற்றும் அறையில் போய் அழுதானாம். மூன்றாமவர், ஒரு காலத்தில் அவர் முறைத்தாலே எதிராளிக்கு வியர்க்கும், ஒரு சுமாரான ஆளிடம் ஆறு ரவுண்டு வாங்கிக்கொண்டு ஏழாவதுக்கு ஸ்டூலைவிட்டு எழவே இல்லை.

"ஒரு கிழவன் அடி வாங்குறதைப் பாக்குறதுல அப்படி என்ன ஆனந்தம்?" என்றாள் மனைவி.

"கிழவன் இல்ல. முப்பத்தேழு வயசு."

"அப்ப உங்களை என்னன்னு சொல்றது?"

அதற்குப் பதிலாகத்தான் நான் எழுத ஆரம்பித்தேன். எங்கள் தொழிற்சாலைக்கு மாதம் ஒரு செய்தி மடல் உண்டு. பாதுகாப்பு உறுதிமொழி, மாதத்தின் சிறந்த தொழிலாளி, பிறந்தநாள் பட்டியல், அப்புறம் கடைசிப் பக்கத்தில் தமிழ். அந்தத் தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு. இலக்கியம் படித்தவன் என்று என்மேல் யாரோ பழி சுமத்தியதன் விளைவு. ஐந்து மாதம் மாவீரர்களின் கடைசிச் சண்டைகளை எழுதினேன். ஆறாவது மாதம் சரக்கு தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். 'தோல்வியில் முடியாத ஒரே குத்துச்சண்டை வீரர் எங்கோ அமெரிக்காவில் இல்லை, நம் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார்' என்று எழுதிவிட்டேன்.

இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசரை எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நான்கு வயது இளையவர், அப்போது நாற்பத்தாறு. கெலமங்கலத்துப் பக்கம் ஒரு ஊரில் கூலி வேலை பார்த்த குடும்பம். தெலுங்கு வழிப் பள்ளியில் படித்து, அங்கே கற்றுக்கொண்ட குத்துச்சண்டையில் மாநிலப் பதக்கம் வாங்கி, எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு அணி இருந்த காலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். பிறகு அணியைக் கலைத்துவிட்டார்கள். கையுறைகள் ஸ்டோருக்குப் போயின. சாம்பியன் பிரஸ் மெஷினுக்குப் போனார்.

நான் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அவர் தோற்காமல் முடித்ததற்குக் காரணம் வீரம் அல்ல. இருபத்தேழு வயதில், மாநில இறுதிப்போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பயிற்சியில் வாங்கிய ஒரு குத்தில் இடது கண்ணுக்குள் விழித்திரை கிழிந்துவிட்டது. பெங்களூரில் ஆபரேஷன் செய்து ஒட்டவைத்தார்கள். இனி தலையில் அடியே படக்கூடாது, பட்டால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது இறுதிப்போட்டி அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. இது அவருக்கும் அவர் மனைவிக்கும் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கும் மட்டும் தெரியும். கம்பெனி மருத்துவப் படிவத்தில் கண் என்ற இடத்தில் அவர் 'நல்லது' என்று எழுதியிருந்தார். நானோ செய்தி மடலில் 'உச்சத்தில் இருந்தபோதே தானாக விலகினார்' என்று எழுதினேன். வாக்கியம் அழகாக வந்துவிட்டது. அழகாக வரும் வாக்கியங்களை நான் எப்போதும் சந்தேகித்திருக்க வேண்டும்.

மனிதவளப் பிரிவில் புதிதாக வந்திருந்த இளைஞர் அதைப் படித்துவிட்டு என் மேஜைக்கே வந்தார். "சார், ஆர்ட்டிகிள் சூப்பர். இன்டர் கம்பெனி ஸ்போர்ட்ஸ் வருதுல்ல? இதையே ஒரு ஈவென்ட்டா பண்ணிடலாம். நம்ம லெஜண்ட், பக்கத்துக் கம்பெனி சைடுல ஒரு யங்ஸ்டர். மூணு ரவுண்டு, ரெண்டு ரெண்டு நிமிஷம். ஹெட் கார்டு, பெரிய கிளவுஸ் எல்லாம் உண்டு. சும்மா ஜாலிக்கு."

"அவருக்கு வயசாச்சே," என்றேன்.

"அதான் சார் கன்டென்ட்டே."

சாம்பியன் மறுத்துவிடுவார் என்று நம்பி நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதில் எனக்கு இருபத்துநான்கு வருட அனுபவம். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு உற்பத்தி லைனுக்கு மேலேயும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். யார் வேண்டுமானாலும், குறை கண்ணில் பட்டால், அதை இழுக்கலாம். லைன் நின்றுவிடும். ஒரு பாட்டு வரும். அத்தனை பேரும் திரும்பி இழுத்தவனைப் பார்ப்பார்கள். பிறகு ஏன் இழுத்தாய் என்று ஒரு படிவம். அந்த ஏனுக்கு ஒரு ஏன், அதற்கு ஒரு ஏன் என்று ஐந்து ஏன்கள். தரக்கட்டுப்பாட்டுக்காரனாகிய நான் இத்தனை வருடத்தில் அந்தக் கயிற்றைத் தொட்டது ஒரே முறை, ஈரக் குடையை மாட்டுவதற்கு.

சாம்பியன் மறுக்கவில்லை. அதற்கு மறுநாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கார்மென்ட்ஸில் தையல் லைனில் வேலை, சீருடையைக்கூட மாற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க எழுதுனதுதான் இவ்ளோத்துக்கும் காரணம்."

"நான் ஏதோ பேப்பருக்கு..."

"அவுரு அந்தப் பேப்பரை கிழிச்சு பீரோவுல ஒட்டி வெச்சிருக்காரு. காலையில நாலரைக்கே எழுந்து ஸ்கிப்பிங் ஆடறாரு. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க. அந்தக் கண்ணு போச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? உங்க புக்கைக் கேக்கறதா?"

"கம்பெனியில சொல்லிடட்டுமா, கண்ணைப் பத்தி?"

"சொன்னா படிவத்துல பொய் எழுதுனார்னு வேலைக்கு வேட்டு வெப்பாங்க. அதுவும் வேணாம். நீங்களே நிறுத்துங்க. எப்படியோ நிறுத்துங்க. எழுதத் தெரியுதில்ல?"

எழுதத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியும் என்று அவர் நினைத்தது எனக்கு உறுத்தியது. என் கட்டுரைகளைப் படித்தவர் யாரும் அப்படி நினைத்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சாம்பியனைப் பிடித்தேன். கேன்டீனில் ராகிக் களி நாள். நான் படித்ததையெல்லாம் அவர் முன் கொட்டினேன். மாட்டு மணி, கயிற்றுக்கு வெளியே விழுந்தவர், எழாமல் உட்கார்ந்துவிட்டவர். எந்த மாவீரனுக்கும் கடைசிச் சண்டை நன்றாக முடிந்ததில்லை என்றேன். அவர் களியை உருட்டி விழுங்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் சார். ஒண்ணு கேக்கறன். அவங்களுக்கெல்லாம் அதுதான் கடைசின்னு முன்னாடியே தெரியுமா?"

யோசித்தேன். "தெரிஞ்சிருக்காது. பெரும்பாலும் அடுத்ததும் இருக்குன்னு நினைச்சுத்தான் ஏறியிருப்பாங்க."

"அதான் கெட்டுப்போறது. எனக்குத் தெரியும். இதோட முடிஞ்சுது. எனக்குக் கடைசின்னு ஒண்ணு இல்லவே இல்ல சார். கட்டுப் போட்டு படுத்துக்கினு இருந்தன், யாரோ வந்து நீ இல்லாமயே பைனல் முடிஞ்சிருச்சுன்னான். அவ்ளோதான். பத்தொம்பது வருசமா அப்படியே திறந்தே கெடக்குது. ஆடிட்ல சொல்வீங்களே, குளோஸ் ஆகாத பாயின்ட்டுன்னு. அது."

"கண்ணு?"

"ஹெட் கார்டு இருக்குது. இடது பக்கம் விடமாட்டன்."

நான் புத்தகங்களில் இதைப் படித்ததில்லை. கடைசி என்று தெரிந்தே கடைசியை ஆடப்போகிறவருக்குச் சொல்ல என்னிடம் உதாரணம் எதுவும் இல்லை. ஆகவே பேரம் பேசினேன். அவருடைய மூலையில் நான் நிற்பேன். துண்டு என் கையில் இருக்கும். நான் துண்டை உள்ளே எறிந்தால் ஆட்டம் முடிந்தது, மறு பேச்சு கிடையாது. அவர் ஒப்புக்கொண்டார். என்னைவிட நன்றாக அவருக்கு அவரைத் தெரியும் என்பதால் எப்போது எறிய வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

"என் இடது கை நெஞ்சுக்குக் கீழ இறங்கிருச்சு, தலையைத் திருப்பித் திருப்பி அந்தப் பக்கம் தேடறன்னு வைங்க. எனக்கு அங்க ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். அப்ப போடுங்க. யோசிக்காதீங்க சார். நீங்க ரொம்ப யோசிப்பீங்க."

இதை அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க போடுவீங்களா அண்ணா?" என்றார். போடுவேன் என்றேன். வெள்ளைத் துண்டு ஒன்றை அவரே கொண்டுவந்து கொடுத்தார். துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டது.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பந்தல்காரர் பலகை மேடை போட்டு, கல்யாண மண்டபத்துப் பச்சை விரிப்பை விரித்து, நான்கு பக்கமும் கயிறு கட்டியிருந்தார். கயிற்றில் பழக்கதோஷத்தில் மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டு, பிறகு யாரோ சொல்லி அவிழ்த்தார். கயிறு இழுக்கும் போட்டி, குடும்பத்தினருக்கு மியூசிக்கல் சேர் எல்லாம் முடிந்து மூன்று மணிக்கு மேல் குத்துச்சண்டை. நடுவர், கிருஷ்ணகிரியில் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறியதும் மணி எங்கே என்று கேட்டார். மனிதவள இளைஞர் முகத்தில் ரத்தம் இல்லை. பதாகை அடித்தாயிற்று, கோப்பை வாங்கியாயிற்று, மணியை யாரும் நினைக்கவில்லை. பேக்கிங் பிரிவு ஆள் ஒருவர் வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தையில் வாங்கியிருந்த மாட்டு மணியைத் தன் வண்டிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் மாட்டு மணியின் வரலாறு தெரிந்த ஒரே ஆள் நான். படிப்பு ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதற்கு அந்த நிமிடம் நல்ல உதாரணம்: மற்றவர்களெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் ஒரு தீவில் இருந்தேன்.

எதிராளிக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்து தினமும் வந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டராக வேலை பார்ப்பவன். ஏறியதும் நேராக எங்கள் மூலைக்கு வந்து சாம்பியனின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ஆசீர்வாத மாடி அண்ணா" என்று கன்னடத்தில் ஆசி கேட்டான். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. காலைத் தொட்டுக் கும்பிடுகிறவன்தான் கயிற்றுக்கு வெளியே தள்ளிவிட்டு அறையில் போய் அழுவான்.

முதல் ரவுண்டு என் படிப்பைப் பொய்யாக்கியது. சாம்பியன் நகரவே இல்லை. ஆனால் அவன் எங்கே வந்தாலும் அங்கே அவருடைய இடது கை முன்னாலேயே போய் நின்றது. அவசரமில்லாத கை. கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்துவதுபோல டக், டக் என்று. பிரஸ் ஷாப் ஆட்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். "சாம்பியன், பீஸ் ஓகேவா?" என்று ஒருவர் கத்தினார். "ரிஜெக்ட்" என்று அவரே பதிலும் சொன்னார். மாட்டு மணி அடித்ததும் சாம்பியன் மூலைக்கு வந்து உட்கார்ந்தார். நான் வாயில் தண்ணீர் ஊற்றினேன். பாதி காதில் போயிற்று.

"எப்படி இருக்கு?"

"மூச்சுதான் சார். மத்ததெல்லாம் வந்துருச்சு, அது மட்டும் இன்னும் பஸ்ஸு ஏறல."

இரண்டாவது ரவுண்டில் பையன் சூடாகிவிட்டான். வலது பக்கமாகச் சுற்றி வந்தவன் திடீரென்று மாற்றிச் சுற்றினான். சாம்பியனின் இடது பக்கம். ஒரு குத்து தடுத்த கையின் மேல் விழுந்தது. இன்னொன்று தலைக்கவசத்தின் ஓரத்தில். அவர் கயிறுவரை பின்னால் வந்துவிட்டார், எனக்கு நான்கடி தூரத்தில். அப்போது பார்த்தேன். இடது கை நெஞ்சுக்குக் கீழே இறங்கியது. தலை திரும்பியது. மறுபடி திரும்பியது. தேடுகிறார்.

துண்டு என் கையில் இருந்தது. கை தோளுக்கு மேலே போயிருந்தது. எறியவில்லை.

அந்த இடைவெளியில் நான் என்ன நினைத்தேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். பயிற்சியாளர் ஒருவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். தன் ஆளுக்கு வீக்கத்தில் கண் தெரியவில்லை என்று கடைசி ரவுண்டுக்கு முன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிட்டவர். ஜெயித்திருப்பானே என்று உலகம் திட்டியது, அவர் பொருட்படுத்தவில்லை. அந்தப் பயிற்சியாளரைப் பற்றி ஒரு பக்கம் கண்ணீர் மல்க எழுதியவன் நான். ஆனால் என் மனதில் ஓடியது அவர் அல்ல. படிவம். ஏன் எறிந்தாய்? அவர் தேடினார். தேடினார் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை வெறுமனே திரும்பியிருந்தால்? பிரஸ் ஷாப்பே நாற்காலிமேல் நிற்கிறதே, அத்தனை பேரும் திரும்பி உன்னைப் பார்ப்பார்களே? இன்னும் ஒன்று பார்த்துவிட்டுப் போடலாமா? பார்த்தேன். அந்த இன்னும் ஒன்று இடது கன்னத்துக்கு மேல் விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. பையன் அடுத்ததுக்குக் கையைப் பின்னால் இழுத்தான்.

அப்போது சங்கு ஊதியது.

பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. மூன்றரைக்கு ஷிப்ட் மாறும் சங்கு, எப்போதும்போல நீளமாக ஊதியது. ஊதியதும் சாம்பியன் இரண்டு கைகளையும் சட்டென்று உடம்போடு இழுத்துக்கொண்டார், ஓரடி விலகினார், இரண்டு கையுறைகளையும் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். அதே நொடியில் எதிரே அந்தப் பையனும் பின்னால் இழுத்த கையை அப்படியே கொண்டுவந்து, ஓரடி விலகி, இரண்டு கையுறைகளையும் விரித்துக் காட்டினான்.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சங்கு ஊதினால் மெஷினுக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். சூப்பர்வைசரிடம் பத்து விரலையும் விரித்துக் காட்ட வேண்டும். அவர் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம். இந்தப் பகுதியில் பிரஸ் வைத்திருக்கும் எல்லா இடத்திலும் இது உண்டு. விரல் போன யாரோ ஒருவர் காரணமாக எப்போதோ ஆரம்பித்து, இப்போது யாரும் யோசிக்காமலே செய்வது. கனவில் சங்கு கேட்டுக் கட்டிலில் விரல் காட்டியவர்கள் உண்டு என்று அவர்கள் மனைவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நடுவருக்கு இது தெரியாது. அவர் பள்ளிக்கூடத்து ஆள். "பாக்ஸ்," என்றார். இருவரும் அசையவில்லை. சாம்பியன் பையனுடைய கையுறைகளைப் பார்த்து, தூக்கத்தில் நடப்பவர்போலத் தலையாட்டினார். சரி, பத்து இருக்கிறது என்று. பையன் கையைக் கீழே விட்டான். அதற்குப் பிறகுதான் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது இருவருக்கும் புரிந்தது.

முதலில் பிரஸ் ஷாப் நாற்காலிகள் சிரித்தன. பிறகு மைதானம் முழுக்க. பின்வரிசையில் பாதிப் பேர் சங்கு கேட்டு டீக்கு ஏற்கெனவே எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். சாம்பியனும் பல்காப்புத் தெரிய சிரித்தார். பையன் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து அவர் இடது கன்னத்தைப் பார்த்தான்.

"ஜாஸ்தி ஆய்த்தா அண்ணா?" ரொம்ப அடித்துவிட்டேனா என்கிறான்.

சாம்பியன் பல்காப்பைத் துப்பிக் கையுறையில் வாங்கிக்கொண்டார். ஒரு கணம் மைதானத்தைப் பார்த்தார். அவர் மறுபடி கையைத் தூக்கியிருக்கலாம். இன்னும் நாற்பது நொடி பாக்கி இருந்தது, அப்புறம் ஒரு முழு ரவுண்டு.

"ஆய்த்து பிடப்பா," என்றார். முடிந்தது, விடு. பிறகு நடுவரிடம் தமிழில், "நம்ம ஷிப்ட் முடிஞ்சுதுங்க மாஸ்டர். விரல் எண்ணியாச்சு. எண்ணினதுக்கு அப்புறம் மெஷின்ல கை வெக்கக்கூடாது," என்றார். பையனின் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

அப்போதுதான் என் கை துண்டை எறிந்தது. அது போய் நடுவரின் தோளில் விழுந்தது. அவர் அதை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, மடித்து என்னிடமே கொடுத்து, "தேங்க்ஸ் சார்," என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் சாம்பியனின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கணவரிடம் போய் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தெலுங்கில் ஏதோ திட்டினார். நீளமாக, மூச்சு விடாமல், நன்றாக இருந்தது. மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "கண்ணு டாக்டர்கிட்ட நீங்க கூட்டிட்டுப் போங்க. எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க. உங்க ஆட்டம்தானே," என்றார்.

எல்லை தாண்டி பெங்களூர் போகும் வழியில் அந்தக் கண் மருத்துவமனை. என் பைக்கில் பின்னால் சாம்பியன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து கண் ஓரத்தில் ஏதோ பொறி பறப்பதுபோல் இருந்ததாக அத்திப்பள்ளி தாண்டும்போதுதான் சொன்னார். வண்டி லேசாக ஆடியது. ஆட்டியது நான்.

உள்ளே எழுத்துப் பலகையைக் கன்னடத்தில் போட்டார்கள். தெலுங்கு வழியில் படித்தவருக்குக் கன்னட எழுத்து பெரிய விஷயம் இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் வரிசையாகப் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு வரிக்கும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிக்கு முந்தைய வரிவரை வந்து நின்றார். போன தடவையும் இங்கேதான் நின்றது என்று பழைய சீட்டைப் பார்த்துச் சொன்னாள் பரிசோதகப் பெண். பிறகு சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும், டாக்டர் விளக்கடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், மூக்கைப் பாருங்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

"பழைய ஒட்டு கெட்டியா இருக்கு," என்றார் டாக்டர் கடைசியில். "புதுசா கிழிசல் எதுவும் இல்ல. பொறி மாதிரி தெரியறது ரெண்டு வாரத்துல போயிடும். என்ன பண்ணினீங்க?"

"கதவுல இடிச்சுக்கிட்டன் டாக்டர்."

"இனிமே இடிக்காதீங்க."

"இனிமே அந்தக் கதவுப் பக்கமே போகமாட்டன்."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது நோயாளிக்கான நாற்காலி. உட்கார்ந்தவனைச் சோதித்துவிடுவது அந்தப் பரிசோதகப் பெண்ணின் பழக்கம்போலும். எனக்காக ஆங்கிலப் பலகையைப் போட்டாள். முதல் இரண்டு வரி கம்பீரமாகப் படித்தேன். மூன்றாவதில் ஊகம் கலந்தது. நான்காவதில் முழுக்க இலக்கியம். டாக்டர் திரும்பி வந்து எனக்கும் சொட்டு மருந்து விட்டார். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, எத்தனை நாளாக மங்கலாகத் தெரிகிறது என்று கேட்டார். கைபேசியின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன்.

"வேலை என்ன?"

"தரக்கட்டுப்பாடு," என்றேன். "கண்ணால பார்த்து குறை கண்டுபிடிக்கிறது."

டாக்டர் நாகரிகமானவர். எதையோ எழுதிக்கொண்டார்.

மருந்தின் வேகம் இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும், அதுவரை வண்டி ஓட்டக்கூடாது என்று இருவரையும் வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வெளிச்சம் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சாம்பியன் மனைவிக்கு போன் செய்தார்; எண் கண்ணுக்குத் தெரியாததால் போனிடம் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டியிருந்தது. தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி. "பாகுந்தி," என்றார் இவர். நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், லைன் ஓடுகிறது, வை என்றார்.

போனை வைத்துவிட்டு சாம்பியன் கேட்டார். "சார். அதனாலதான் துண்டு போடலையா? கண்ணு தெரியாமயா?"

எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. டாக்டர் கையெழுத்துப் போட்ட காரணம். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. எழுதும்போது எப்போதும் கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன்.

"இல்ல. நல்லாத் தெரிஞ்சுது. கை இறங்கினதும் தெரிஞ்சுது, நீங்க தேடினதும் தெரிஞ்சுது. என்னால முடியல. அவ்வளவுதான்."

பெஞ்சு லேசாகக் குலுங்கியது. அழுகிறாரா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். சிரிக்கிறார்.

"எனக்குத் தெரியும் சார். துண்டு உங்க கையிலன்னு ஒத்துக்கும்போதே தெரியும். நீங்க போடற ஆளா இருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டன்."

"அப்ப உங்க மனைவிகிட்ட என்ன சொல்றது?"

"அவகிட்ட சொல்லிறாதீங்க. நீங்க போடாம நின்னதை வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு வெச்சுக்கலாம்."

யாரோ டீ கொண்டுவந்து எங்கள் இருவர் கையிலும் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் என்றார்கள், மூன்று ஆயிற்று. எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. சாம்பியன் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, தூங்கிவிட்டார்.